பழைய ரோடு சைக்கிள்: வயதையும் அசல் பாகங்களையும் அறிகுறி பார்த்துக் கண்டுபிடிப்பது

பழைய ரோடு சைக்கிள் கைக்கு வந்ததும் பலரும் அதைக் கவிழ்த்துப் போட்டு சீரியல் எண்ணைத் தேடுகிறார்கள். எண் கிடைக்கிறது, அது எந்தப் பட்டியலோடும் ஒத்துப்போவதில்லை. அங்கேயே வேலை நின்றுவிடுகிறது. சீரியல் எண் பல சாட்சிகளில் ஒன்றுதான், அதுவும் குழப்புகிற சாட்சி. பழுது பார்க்கும்போது எரிச்சல் தரும் இடங்கள்தான் உண்மையைச் சொல்பவை: உள்ளே போக மறுக்கும் கிராங்க் அச்சின் கப், 0.2 மி.மீ. வித்தியாசத்தில் ஆடும் ஸ்டெம் (ஹேண்டில்பாரைத் தாங்கி ஃபோர்க்குக்குள் இறங்கும் தண்டு), ரிம்மை எட்டாத பிரேக் கட்டை. எது சேரவில்லையோ அதைச் சுத்தியலால் சேர்க்கும் முன் அளந்து பாருங்கள். எந்த நாட்டில், ஏறக்குறைய எந்த ஆண்டில், எது மாற்றப்பட்டது என்ற மூன்றுக்கும் அங்கே விடை இருக்கும்.

இங்கே பேசுவது 1950களிலிருந்து 1980களின் இறுதிவரை இங்கிலாந்து, பிரான்ஸ், இத்தாலி, ஜப்பான், அமெரிக்காவில் கட்டிய, டெரெய்லர் கியரும் (செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் தள்ளும் கருவி) வளைந்த ஹேண்டில்பாரும் கொண்ட ஸ்டீல் சைக்கிள்களை. நம்மூர் கறுப்பு ரோட்ஸ்டர் வேறு இனம், அதன் 28×1½ ரிம் (635 மி.மீ.) இந்தச் சைக்கிள்கள் எதிலும் வராது. ஆனாலும் தூரத்து உறவு ஒன்று உண்டு. அம்பத்தூர் சைக்கிள் ஆலைக்குக் கூட்டாளியாக வந்த இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தின் கையில்தான் ரெனால்ட்ஸ் குழாய்க் கம்பெனியும், 1960 முதல் ராலே சைக்கிள் கம்பெனியும் இருந்தன.

தேவையானவை: 0.05 மி.மீ. காட்டும் வெர்னியர், மரை அளவி, சிறு காந்தம், டார்ச், பல் தேய்க்கும் பழைய பிரஷ், மண்ணெண்ணெய், சாக்பீஸ். எதையும் கழற்றும் முன் இரு பக்கமும், எல்லா இணைப்பிடங்களையும் படம் எடுத்து வையுங்கள். கேபிள் எந்த வழியாகப் போனது என்பதுகூடப் பிறகு சாட்சியாகும். ஸ்டிக்கர் மேல் தின்னரோ பெட்ரோலோ படக்கூடாது. பழைய நீர் ஸ்டிக்கர்கள் வார்னிஷ் தேய்ந்த இடத்தில் ஒரே துடைப்பில் போய்விடும்.

பாகங்களில் உள்ள தேதிகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை

முதலில் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். ஒரு பாகத்தில் 1978 என்று இருந்தால், அந்தப் பாகம் அசலாக இருக்கும் பட்சத்தில், சைக்கிள் 1978க்கு முன் கட்டியதல்ல என்பது மட்டுமே உறுதி. பாகங்கள் கிடங்கில் சில மாதம், சமயத்தில் ஓராண்டுக்கு மேலும் கிடந்துதான் பிரேமில் ஏறும். ஆகவே எல்லாத் தேதிகளையும் ஒரு தாளில் எழுதி, எங்கே கூட்டம் சேர்கிறது என்று பாருங்கள். நான்கு பாகம் 1981ஐச் சுற்றி நின்று, பின் டெரெய்லர் மட்டும் 1986 என்றால், மாற்றப்பட்டது டெரெய்லர். கூட்டம் சேராமல் பத்தாண்டு அகலத்தில் சிதறிக் கிடந்தால், உதிரி பாகங்களைச் சேர்த்து யாரோ கட்டிய சைக்கிள் அது.

எல்லாப் பாகத்துக்கும் ஒரே எடை கிடையாது. செயின், பிரீவீல், டயர், கேபிள், சீட், பெடல், சக்கரம் எல்லாம் தேய்கிறவை. எத்தனை முறை மாறியிருக்கும் என்று சொல்ல முடியாது. பின் டெரெய்லர் விழுந்து வளைகிற பாகம், அதையும் முழுதாக நம்பாதீர்கள். ஹெட்செட் (ஃபோர்க் திரும்பும் பேரிங்), முன் டெரெய்லர், பிரேக் காலிபர், சீட் போஸ்ட் ஆகியவற்றை யாரும் வீணாக மாற்றுவதில்லை. அவை நான்கும் ஒரே குரலில் பேசினால் அதுவே தீர்ப்பு.

ஷிமானோ: பாகத்தின் பின்புறம், கண்ணில் படாத இடத்தில் இரண்டு ஆங்கில எழுத்து. முதல் எழுத்து ஆண்டு: ஏ என்றால் 1976, பி 1977, சி 1978, இப்படியே வரிசையாக. இரண்டாவது எழுத்து மாதம்: ஏ ஜனவரி, எல் டிசம்பர். "ஜி ஹெச்" என்றிருந்தால் 1982 ஆகஸ்ட். கிராங்க் கையின் உள்புறம், டெரெய்லரின் பின்பக்கம், பிரேக் கையின் பின்பக்கம் தேடுங்கள். 2002இல் மறுபடி ஏ தொடங்குகிறது. பாகத்தின் தோற்றமே எந்தச் சுற்று என்று காட்டிக் கொடுத்துவிடும்.

சன்டூர்: இதுவும் இரண்டு எழுத்துதான், ஆனால் வரிசை வேறு. டபிள்யூ 1980, எக்ஸ் 1981, ஒய் 1982, இசட் 1983, பிறகு ஏ 1984, பி 1985. இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். ஷிமானோவில் பி 1977. சன்டூரில் அதே பி 1985. ஜப்பானியச் சைக்கிள்கள் பலவற்றில் இரு கம்பெனிப் பாகங்களும் கலந்தே வந்தன. எழுத்தைக் குறிக்கும்போது கம்பெனிப் பெயரையும் பக்கத்தில் எழுதாவிட்டால் எட்டு வருடம் தவறிப்போகும்.

கம்பன்யோலோ: நூவோ ரெக்கார்ட் பின் டெரெய்லரின் மேல் உடலில் "பேட்டன்ட்" என்ற சொல்லை அடுத்து இரண்டு இலக்கம். 74 என்றால் 1974. 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் இந்த வழக்கம் இருந்தது. ஹப்பின் லாக் நட்டிலும் கம்பெனிப் பெயரின் சுருக்கத்தோடு இரண்டு இலக்க ஆண்டு இருக்கும். பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் இல்லாமல் அது தெரியாது. கிராங்க் கையின் பின்புறம் சாய்சதுரத்துக்குள் ஓர் இலக்கம் இருந்தால் 1970கள், வட்டத்துக்குள் இருந்தால் 1980கள். தேதியே இல்லாவிட்டாலும் பொருளைப் பாருங்கள். 1963இல் வந்த ரெக்கார்ட் டெரெய்லர் குரோம் பூசிய வெண்கலம், கையில் எடுத்தாலே கனம் தெரியும். 1967இல் வந்த நூவோ ரெக்கார்ட் அலுமினியம்.

ஸ்டர்மி-ஆர்ச்சர் உள்கியர் ஹப் போட்ட சைக்கிள் என்றால் பாதி வேலை முடிந்தது. ஹப் உடலின் மேலேயே இரண்டு எண்கள் அடித்திருக்கும். பெரியது ஆண்டு, 12க்குள் இருப்பது மாதம். அந்தச் சக்கரம் அந்தச் சைக்கிளோடு பிறந்ததா என்பது மட்டும் பாக்கி. முன் ரிம்மும் பின் ரிம்மும் ஒரே தயாரிப்பு, ஒரே தேய்மானம் என்றால் பெரும்பாலும் ஆம்.

சீரியல் எண் எதற்கும் பொருந்தவில்லை

எண் சரியாகப் படிக்கப்பட்டதா என்பதே முதல் சந்தேகம். கம்பி பிரஷ் போடாதீர்கள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு, சாக்பீஸைக் குறுக்காகத் தேய்த்துத் துணியால் மேலோட்டமாக ஒற்றினால் பள்ளத்தில் வெள்ளை தங்கி எண் எழும்பும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். 3க்கும் 8க்கும், 1க்கும் 7க்கும் உள்ள குழப்பம் அப்போது தீரும்.

ராலேயில் 1970களின் நடுப்பகுதியில் இரண்டு எழுத்தும் தொடர்ந்து எண்களும் வரும். முதல் எழுத்து ஆலை: என் என்றால் நாட்டிங்காம், டபிள்யூ என்றால் வர்க்ஸாப். இரண்டாவது எழுத்து மாதம். ஆனால் இடையிடையே சில எழுத்துகளை விட்டுவிட்டார்கள், விரல் விட்டு எண்ணினால் தப்பாகும். அடுத்த முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம். பத்தாண்டு எது என்பதைப் பாகங்கள்தான் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஷ்வின் சைக்கிளில் 1965 முதல் எழுத்து முறை நடப்பில் இருந்தது: முதல் எழுத்து மாதம், இரண்டாவது ஆண்டு, ஏ என்றால் 1965. 1970களின் நடுவிலிருந்து முன் சின்னத் தகட்டில் நான்கு இலக்கமும் அடித்தார்கள். முதல் மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள், நான்காவது ஆண்டின் கடைசி இலக்கம். 1287 என்றால் 1977ஆம் ஆண்டின் 128ஆவது நாள். ஷ்வின் பெயரோடு ஜப்பானில் கட்டிய மாடல்களுக்கு இந்த எழுத்து முறை செல்லாது.

இத்தாலியச் சிறு பட்டறைகளின் எண்களை வைத்து நேரம் கழிக்காதீர்கள். சிலவற்றில் பிரேம் அளவு மட்டுமே அடித்திருக்கும். 56, 58 என்று பார்த்துவிட்டு 1956, 1958 என்று விலை சொல்பவர்களும் இருக்கிறார்கள். சீட் குழாயை பி.பி. (கிராங்க் அச்சு சுழலும் இடம்) மையத்திலிருந்து அளந்து பாருங்கள். சென்டிமீட்டரில் அதே எண் வந்தால் அது வயதல்ல, உயரம்.

பி.பி. கப் திரும்பவில்லை, அல்லது போட்ட கப் திரும்பத் திரும்பத் தளர்கிறது

பிரேம் எந்த நாட்டு முறையில் கட்டியது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் இடம் இல்லை. பெயிண்டை மாற்றலாம், ஸ்டிக்கரை ஒட்டலாம், மரையை யாரும் போலி செய்வதில்லை.

முதலில் ஷெல்லின் (கப்புகள் திருகும் குறுக்குக் குழாயின்) அகலத்தை அளவுங்கள். 70 மி.மீ. என்றால் இத்தாலி. 68 என்றால் ஆங்கில முறை, பிரெஞ்சு, சுவிஸ் மூன்றில் ஒன்று. 71 அல்லது 76 என்றால் ராலே தன் ஆலைக்கென்று வைத்திருந்த சொந்த முறை. பிறகு கப்பின் முகத்தைத் துடைத்துப் பாருங்கள்: 1.37×24 ஆங்கில முறை (ஜப்பானும் இதுவே), 36×24 இத்தாலி, 35×1 பிரெஞ்சு அல்லது சுவிஸ்.

அடுத்தது திசை. ஆங்கில முறையிலும் சுவிஸ் முறையிலும் வலப்பக்கக் கப் இடமரை; கடிகாரச் சுற்றில் திருப்பினால்தான் கழலும். இத்தாலியிலும் பிரான்சிலும் இரு பக்கமும் வலமரை. பெடல் மிதிக்கும் விசை வலக் கப்பை மெல்ல மெல்லக் கழற்றும் திசையில் வேலை செய்வதால், அந்த இரண்டிலும் வலக் கப் தளர்வது பிறவிக் குணம். எத்தனை முறை இறுக்கினாலும் சில நூறு கிலோமீட்டரில் சத்தம் வருகிறதென்றால் கப் கெட்டதென்று தூக்கிப் போடாதீர்கள். மரையின் பூர்வீகத்தைப் பாருங்கள். மரையைத் துடைத்து எண்ணெய் நீக்கி, மரை ஒட்டுப்பசை தடவி, நீண்ட ஸ்பேனரால் முழு பலத்தோடு இறுக்கினால் நிற்கும்.

எந்த முறை என்று தெரியாமல் இறுகிப்போன கப்பைக் கழற்ற:

1. ஊடுருவும் எண்ணெயை இரண்டு பக்கமும் விட்டு ஓர் இரவு வையுங்கள்.
2. இடப்பக்கக் கப், அச்சு, குண்டுகளை முதலில் எடுத்துவிடுங்கள். இடப்பக்கம் எல்லா முறையிலும் வலமரைதான். அதன் மரையை அளந்து வலப்பக்கம் எதுவென்று ஊகிக்கலாம்.
3. மரை அங்குலத்துக்கு 24 என்று வந்து, ஷெல் 68 என்றால், வலக் கப் கடிகாரச் சுற்றில் கழலும். 16 மி.மீ. போல்ட்டின் தலையை வெளியே வைத்து, வாஷர் போட்டு, உள்ளே இன்னொரு வாஷரும் நட்டும் இறுக்குங்கள். போல்ட் தலையைக் கடிகாரச் சுற்றில் திருப்பிக்கொண்டே போனால் முதலில் கப்பைக் கவ்வும், பிறகு அதையே கழற்றும்.
4. மரை 1 மி.மீ. என்று வந்தால் பிரெஞ்சா சுவிஸா என்பது தெரியாது. அளவு ஒன்றே, திசை மட்டும் எதிர். இரு திசையிலும் மிதமாக முயன்று, அசைந்த பக்கம் தொடருங்கள். சுவிஸ் மரை என்று தெரிந்தால் அதுவும் ஒரு தேதிக் குறிப்பு: பிரான்சின் மோட்டோபெக்கான் 1970களின் பிற்பகுதியில் அதற்கு மாறியது, பெஜோவிலும் காணலாம்.

பொருந்தாத கப் எப்படி நடந்துகொள்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலக் கப்பின் மரை இடைவெளி 1.058 மி.மீ., பிரெஞ்சில் 1.0. ஒரு சுற்றில் தெரியாது. ஐந்தாறு சுற்றுக்குள் வித்தியாசம் 0.3 மி.மீ. ஆகி மரை நெரிந்து நின்றுவிடும். அங்கே நிறுத்தினால் பிரேம் பிழைக்கும். ராலேயின் அங்குலத்துக்கு 26 மரை ஷெல்லில் 24 மரைக் கப்பைப் போட்டாலும் இதே கதை, இன்னும் சீக்கிரமாக. ராலே பெயர் இருந்தும் 24 மரை வந்தால் பயப்பட வேண்டாம். 1960இல் ராலே வாங்கிய கார்ல்டனின் வர்க்ஸாப் பட்டறையில் கட்டிய உயர்ரக பிரேம்கள் பொது முறையில்தான் வந்தன. 24 மரை உள்ள ராலேவுக்குக் கூடுதல் மதிப்பு என்றே கொள்ளலாம்.

அகலம் 68, ஆனால் மரை 36×24? பிறவியில் அப்படி ஒரு பிரேம் வராது. மரை அழிந்த ஆங்கில அல்லது பிரெஞ்சு ஷெல்லை யாரோ பெரிதாக்கி இத்தாலிய மரை வெட்டியிருக்கிறார்கள். ஓட்டத்துக்குக் குறையில்லை, அசல் என்று விலை கேட்டால் மட்டும் சுட்டிக் காட்டுங்கள்.

ஸ்டெம் இறங்கவில்லை, அல்லது இறங்கி ஆடுகிறது

ஃபோர்க் குழாயின் உள்விட்டம் பொதுவாக 22.2 மி.மீ., பிரெஞ்சில் 22.0. பிரெஞ்சு பிரேமில் 22.2 ஸ்டெம் உட்கார்ந்திருந்தால் இரண்டு சாத்தியம்: ஸ்டெம்மை உப்புத்தாள் போட்டுக் குறைத்திருக்கிறார்கள், அல்லது ஃபோர்க்கே மாறியிருக்கிறது. ஸ்டெம்மை வெளியே எடுத்து, செருகும் பகுதியில் குறுக்குக் கீறல் உண்டா என்று பாருங்கள். மறுதலையாக, 22.2 ஃபோர்க்கில் 22.0 ஸ்டெம் வழுக்கும். எவ்வளவு இறுக்கினாலும் சக்கரம் ஒரு பக்கம், ஹேண்டில் ஒரு பக்கம் திரும்பும். அதை ஓட்டக்கூடாது.

ஹேண்டில்பார் கவ்வும் இடத்தின் விட்டமும் ஊரைச் சொல்லும்: 25.0 பிரெஞ்சு, 25.4 ஆங்கிலமும் ஜப்பானும், 26.0 இத்தாலி, 26.4 பழைய சினெல்லி. 26.4 பாரை 26.0 ஸ்டெம்மில் திணித்தால் கவ்வும் காது விரிந்து விரிசல் விடும். சினெல்லி பாகத்தில் கேடயச் சின்னம் இருந்தால் 1978க்கு முந்தைய நிர்வாகம். கம்பெனி கொலம்போ குடும்பத்தின் கைக்குப் போன பிறகு வந்தது சிறகு முளைத்த சி எழுத்து.

இறுகிப்போன ஸ்டெம் தனிப் பிரச்சினை. ஸ்டீலுக்குள் அலுமினியம் பல வருடம் ஈரத்தில் இருந்தால் அலுமினியம் வெள்ளையாகப் பூத்துக் கவ்விக்கொள்ளும். போல்ட்டை நான்கு சுற்றுத் தளர்த்தி, மேலே மரக்கட்டை வைத்துத் தட்டி உள்ளிருக்கும் ஆப்பை இறக்கிய பிறகே திருப்ப வேண்டும். ஆப்பு இறங்காமல் திருப்பினால் ஃபோர்க் குழாய் முறுக்கும்.

சீட் போஸ்ட் அளவும், 531 ஸ்டிக்கரும்

ரெனால்ட்ஸ் 531 குழாய் 1935இல் வந்தது. அதன் ஸ்டிக்கர் இன்றும் புதிதாக அச்சாகி விற்கிறது. அதனால் ஸ்டிக்கரை விட்டுவிட்டு சீட் போஸ்ட்டை அளவுங்கள். ஆங்கில சீட் குழாயின் வெளிவிட்டம் 28.6 மி.மீ. சுவர் 0.6 என்றால் உள்ளே 27.4, அதில் 27.2 போஸ்ட் போகும்: நல்ல பட்டட் குழாய் (முனையில் கனம், மற்ற இடத்தில் மெலிந்த சுவர்). சுவர் 0.9 என்றால் போஸ்ட் 26.6 அல்லது 26.8. சாதாரண கனச் சுவர்க் குழாயில் 26.2, 25.8 என்று இறங்கும். 26.2 போஸ்ட் சரியாக உட்காரும் ஆங்கில பிரேமில் "முழுதும் 531 பட்டட்" ஸ்டிக்கர் இருந்தால் ஸ்டிக்கர் பொய் சொல்கிறது. பிரெஞ்சு பிரேமுக்கு இந்தக் கணக்கு அப்படியே ஒத்துவராது. அங்கே வெளிவிட்டம் 28.0, ஆகவே 531 பட்டட் குழாயிலும் 26.4 அல்லது 26.6 தான் வரும். பெஜோவின் பிஎக்ஸ்-10ஐ இப்படித் தாழ்த்திப் பேசி விலை குறைப்பது பழைய தந்திரம்.

போஸ்ட் ஆடுகிறது, இறுக்கினால் சீட் லக்கின் (குழாய்கள் சேரும் இடத்து உறையின்) இரு காதும் ஒன்றையொன்று தொடுகிறது என்றால், சிறிய போஸ்ட் போட்டு வருடக்கணக்கில் நெரித்திருக்கிறார்கள். காதுகள் இணையாக நிற்க வேண்டும். தகரம் மடித்துச் செருகுவது தீர்வல்ல. சரியான அளவு போஸ்ட் வாங்குங்கள், 0.2 மி.மீ. படிகளில் கிடைக்கிறது.

பின் சக்கரம் நுழையவில்லை. பிரேக் கட்டை ரிம்மை எட்டவில்லை

இரண்டையும் சேர்த்தே பாருங்கள். டிராப்அவுட் என்று சொல்லும் பின் பிளவுத் தகடுகளின் உள் இடைவெளி 120 மி.மீ. என்றால் 5 பல்சக்கரக் காலம், அதாவது பெரும்பாலும் 1970களின் முடிவு வரை. 126 என்றால் 6 அல்லது 7. 130 என்றால் 8 அல்லது அதற்கு மேல், இல்லாவிட்டால் பிற்பாடு விரித்தது. விரித்த பிரேமைக் கண்டுபிடிக்க இரு தகடுகளும் இணையாக உள்ளனவா என்று பாருங்கள். கம்பி போல விரித்தவர்கள் தகட்டை நேர் செய்ய மறப்பார்கள். 120இல் 6 பல்சக்கரம் இருந்தால் உடனே மாற்றம் என்று முடிவு கட்டாதீர்கள். சன்டூர் நெருக்கமாக அடுக்கிய அல்ட்ரா-6 அந்த இடத்துக்காகவே செய்தது.

ரிம்: 27 அங்குலம் என்பது 630 மி.மீ., 700சி என்பது 622. ஆரத்தில் 4 மி.மீ. வித்தியாசம். பிரேக் கட்டை காலிபர் துவாரத்தின் அடி எல்லையில் நின்று இன்னும் இறங்கத் துடிக்கிறது என்றால், 27க்குக் கட்டிய சைக்கிளில் 700சி ஏறியிருக்கிறது. வைன்மன் சென்டர்-புல் பிரேக்கில் 610, 750 என்ற எண்கள் எட்டும் தூரத்தைக் குறிப்பவை: சுமாராக 61, 75 மி.மீ. 610 இருந்த இடத்தில் 750 போட்டிருந்தால் யாரோ இந்த 4 மி.மீ. பிரச்சினையைத் தீர்க்கப் பார்த்திருக்கிறார்கள். பந்தய ரகத்தில் டியூபுலர் டயர் ரிம் வந்திருக்கும். அதன் அளவு 700சிக்கு இணை என்பதால் மாற்றினாலும் பிரேக் இடம் மாறாது.

பிரேக் போல்ட்டின் பின்முனையில் வெளியே தெரியும் நட் பழைய முறை. ஆலன் சாவியால் இறுக்கும் உள்ளமுங்கிய நட் 1980களில் பரவியது. ஃபோர்க் தலையின் பின் துளை மட்டும் பெரிதாகி, ஓரத்தில் பெயிண்ட் உதிர்ந்திருந்தால் துளையிட்டு மாற்றியது.

பெடல் இரண்டு சுற்றில் நிற்கிறது. கிராங்க் இழுப்பான் பிடிக்கவில்லை

பெரும்பாலான பெடல் மரை 9/16 அங்குலம், அதாவது 14.29 மி.மீ. பழைய பிரெஞ்சில் 14×1.25. ஆங்கில பெடல் பிரெஞ்சுக் கையில் சிக்கும். பிரெஞ்சு பெடல் ஆங்கிலக் கையில் தளர்வாகப் போய், மிதிக்கும்போது மரையைத் தின்னும். அச்சின் முனையில் எழுத்தைப் பாருங்கள். வலது டி, இடது ஜி என்றால் பிரெஞ்சு. வலது டி, இடது எஸ் என்றால் இத்தாலி. ஆர், எல் என்றால் ஆங்கிலம் அல்லது ஜப்பான்.

கிராங்க் இழுப்பான் பொதுவாக 22 மி.மீ. பழைய டி.ஏ. கிராங்குக்கு 23, ஸ்ட்ராங்லைட்டுக்கு 23.35. 22 இழுப்பான் உள்ளே சறுக்கி "மரை போய்விட்டது" என்று தோன்றினால் கை ஸ்ட்ராங்லைட்டா என்று பாருங்கள். மரை நன்றாகவே இருக்கும். பிரெஞ்சு பிரேமில் ஸ்ட்ராங்லைட் இருப்பது அசலுக்கான நல்ல அறிகுறி.

ஐந்து போல்ட் கிராங்கில் போல்ட் வட்டத்தை நேராக அளக்க முடியாது. பக்கத்துப் பக்கத்து போல்ட் மையங்களுக்கு இடையே அளந்து 0.588ஆல் வகுங்கள். 71.7 மி.மீ. வந்தால் வட்டம் 122, ஸ்ட்ராங்லைட் 93 ரகம். 84.6 வந்தால் 144, 88.8 வந்தால் 151. கம்பன்யோலோ ரெக்கார்ட் 151ஐக் கைவிட்டு 144க்கு வந்தது 1967 வாக்கில். அந்த 7 மி.மீ. வித்தியாசத்துக்குச் சந்தையில் விலை வேறு.

டெரெய்லர் பழசு, ஆனால் தொங்கும் காது சரியில்லை

பின் தகட்டின் வெளி முகத்தில் பெயர் அடித்திருக்கும்: கம்பன்யோலோ, சிம்ப்ளெக்ஸ், ஹ்யூரே, சன்டூர், ஷிமானோ. கம்பன்யோலோ காதில் 10 மி.மீ. மரையும் பின்னால் ஒரு நிறுத்துப் பல்லும் உண்டு. சிம்ப்ளெக்ஸ் காதில் மரையும் இல்லை, நிறுத்துப் பல்லும் இல்லை. சிம்ப்ளெக்ஸ் தகட்டில் வேறு கம்பெனி டெரெய்லர் இருந்து, காதில் பளபளக்கும் புது மரை இருந்தால், டெல்ரின் பிளாஸ்டிக்கில் செய்த பழைய சிம்ப்ளெக்ஸ் உடைந்து தூக்கிப்போட்டார்கள் என்று பொருள். நடைமுறையில் அது நல்ல மாற்றம்தான். காதே இல்லாமல் அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் நகத் தகடு இருந்தால் விலை குறைந்த ரகம், அல்லது கியர் பிற்பாடு ஏறியது.

லீவரில் கிளிக் சத்தத்தோடு கியர் மாறுகிறதா? ஷிமானோ அதைத் தன் டியூரா-ஏஸ் 7400 வரிசையில் 1984இல் கொண்டுவந்தது. பிரேம் அதற்கு முந்தையது என்றால் லீவர், டெரெய்லர், பிரீவீல் மூன்றும் ஒன்றாக மாறியிருக்கும். சாய்ந்த இணைகர டெரெய்லர் சன்டூர் 1964இல் செய்தது. அதன் காப்புரிமை தீர்ந்த பிறகே மற்றவர்கள் எடுத்தார்கள். ஷிமானோ டெரெய்லர் அப்படிச் சாய்ந்திருந்தால் 1980களின் நடுவுக்கு முன் போகாதீர்கள்.

பெயிண்ட் சந்தேகமாக இருக்கிறது

பி.பி. மரைக்குள், சீரியல் எண் பள்ளத்துக்குள், சின்னத் தகட்டின் அடியில் என்ன நிறம் என்று பாருங்கள். மரைக்குள் கனமாகப் பெயிண்ட் இருந்தாலோ, எண்ணின் விளிம்புகள் மழுங்கியிருந்தாலோ மறுபூச்சு. நெர்வெக்ஸ் போன்ற செதுக்கு லக்குகளின் வளைவுகளில் பெயிண்ட் தேங்கி நிற்பதும் அதே.

பற்ற வைத்த சிறு பாகங்கள் காலத்தைச் சொல்லும். மேல் குழாயில் பிரேக் கேபிளைப் பிடிக்கத் தனிக் கிளிப் என்றால் பொதுவாக 1970களின் நடுவுக்கு முன். பற்ற வைத்த வளையம் என்றால் பின். தண்ணீர் பாட்டில் மரை ஒரு ஜோடி 1970களின் பிற்பகுதி, இரண்டு ஜோடி 1980கள். கியர் கேபிள் பி.பி. மேலே ஓடினால் பழையது, அடியில் ஓடினால் புதியது. பற்ற வைத்த பாகத்தைச் சுற்றி மட்டும் பெயிண்ட் வேறு நிழலில் இருந்தால் பிற்பாடு சேர்த்தது.

ஃபோர்க் அசலா?

நிறம், குரோம் ஒத்துப்போவது போதாது. ஃபோர்க்கைக் கழற்றி மேல் குழாயைப் பாருங்கள். சிறு பட்டறைகள் பல அங்கேயும் பிரேமின் எண்ணை அடித்தன. ஃபோர்க் தலையின் அடியிலிருந்து டார்ச் அடித்தால் உள்ளே சுருள் வரம்புகள் தெரிகின்றனவா? அது கொலம்பஸ் குழாய். ரெனால்ட்ஸ் ஸ்டிக்கர் போட்ட பிரேமில் அப்படி இருந்தால் ஃபோர்க் வேறு வீட்டுப் பிள்ளை. ராலேயின் அங்குலத்துக்கு 26 மரை ஃபோர்க், அதே மரையுள்ள ஹெட்செட் இரண்டும் சேர்ந்து இருந்தால் அசல் என்று நம்பலாம். அந்த மரைக்கு மாற்று தேடிப் பிடிப்பது அவ்வளவு பாடு.

கடைசியாக, தலைக் குழாயை ஒட்டிக் கீழ்க் குழாயின் அடியில் விரல் நுனியை வைத்து லக்கிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தூரம் தடவுங்கள். மேல் குழாயின் அடியிலும் அப்படியே. சிறு மேடு தட்டினால், அல்லது பெயிண்டில் குறுக்காக மயிரிழைக் கோடு தெரிந்தால், முன்பக்கம் மோதியிருக்கிறது. ஃபோர்க் அதனால்தான் மாறியது. பக்கவாட்டில் நின்று, தலைக் குழாயின் நேர்கோடு ஃபோர்க் கைகளின் மேற்பகுதியோடு தொடர்கிறதா என்று ஒரு நூல் பிடித்துப் பாருங்கள். கைகள் பின்னால் வளைந்திருந்தால் பேரம் பேசுவதற்கு முன் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.